ஒன்பதாம் கொக்கியின் பியர் குவளை

அண்ணே,

நேற்று வரக்காப்பொலையில் பஸ்ஸுக்கு நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு பழஞ்சாமான் கடையில் ஒதுங்கினேன். பித்தளை விளக்குகளுக்கு நடுவே ஓர் ஈயக் குவளை. மூடி போட்டது, ஒரு போத்தல் பியர் பிடிக்கும். "தொட்டுப் பாருங்க, வெள்ளக்காரன் காலத்துச் சாமான்" என்றார் கடை முதலாளி. உள்ளே விரலை விட்டேன். கைப்பிடிக்கு நேரே, துணி நெய்த மாதிரி சொரசொரப்பு. கையை இழுத்துக்கொண்டேன்.

அந்தத் தடத்தை எனக்குக் காட்டியது நீங்கள். தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு முன், புளத்கொகுபிட்டிய துரைமார் கிளப்பில் நீங்கள் பார் பார்த்தீர்கள், நான் பாத்திரம் கழுவினேன். சுவரில் பன்னிரண்டு கொக்கி, பன்னிரண்டு குவளை. ஒவ்வொன்றிலும் ஒரு துரையின் பெயர் வெட்டியிருக்கும். துரை சீமைக்குப் போனாலும் குவளை போகாது. வேறு யாரும் அதில் குடிக்கவும் மாட்டார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. நசுங்கலையும் கைப்பிடி வளைவையும் வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பேன். "படிச்சவன் மாத்திக் குடுத்துப்புடுவான், நீ மாத்தமாட்டடா" என்று சிரிப்பீர்கள்.

ஒன்பதாவதுதான் எல்லாவற்றிலும் பழசு. அச்சில் வார்த்து, கடைசலில் கடைந்தது. கைப்பிடி ஒட்ட, குவளையின் மேலேயே உருகின ஈயத்தை ஊற்றினார்களாம். சூட்டில் சுவர் ஓட்டையாகாமல் இருக்க, மணல் கட்டின துணியை உள்ளே அழுத்திப் பிடித்தார்களாம். அந்த நெசவுதான் படிந்திருந்தது. "பிடிச்சவன் செத்து எத்தன தலமொற ஆச்சோ, துணி இன்னும் இருக்கு பாரு" என்றீர்கள்.

அதைக் கேட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. அடைமழை மாதம். நாம் குடியிருந்த லயத்து வீடுகளில் ஈரப் பாத்திரத்தைத் தணல் அடுப்பின்மேல் கவிழ்த்து வைப்போமே, அதே கைப்பழக்கம். ஒன்பதாவதைக் கழுவி, கிளப் அடுப்பின் தகட்டில் கவிழ்த்துவிட்டு விறகு எடுக்கப் போனேன். வந்து பார்த்தால் குவளை உட்கார்ந்துபோய்க் கூழாக ஓடுகிறது. சுரண்டி எடுத்து ஓடையில் போட்டேன்.

மறுநாள் கொக்கி வெறுமையாக இருந்தது. பார் சாவி உங்களிடம். கொழும்பு யாவாரிக்கு விற்றுவிட்டீர்கள் என்று பேச்சு கிளம்பியது. நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

"தம்பி, நீ கழுவுனப்ப இருந்திச்சா?"

"கழுவி ஒங்க கையிலதானே குடுத்தேன், அண்ணே."

"அப்ப நான்தான் எங்கயோ வெச்சிட்டு மறந்திட்டேன் போல" என்றீர்கள்.

மூன்றாம் நாள் உங்களை வேலையை விட்டு நிறுத்தி, வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். அரநாயக்கப் பக்கம் போய் ஒரு சிங்கள ஆளின் காணியில் ரப்பர் பால் வெட்டினீர்கள். பார் வேலை எனக்குக் கிடைத்தது.

போன மாதம் நீங்கள் தவறின சேதி கேட்டு வந்தேன். அதற்குள் உங்களை எடுத்துவிட்டார்கள். உங்கள் மகள் தேத்தண்ணி கொடுத்தாள்.

"கடசிவரைக்கும் அந்தக் குவளய எங்க வெச்சேன்னுதான் யோசிச்சிக்கிட்டு இருந்தாரு, சித்தப்பா. ஊரே கள்ளன்னு சொன்னப்ப நீங்க ஒருத்தர்தான் ஒரு வார்த்த சொல்லலன்னு சொல்லுவாரு."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இதை எழுதித் தருகிற ஆளுக்கு உங்களைத் தெரியாது, அதனால்தான் சொல்ல முடிகிறது. மகளுக்கும் ஒன்று எழுதட்டுமா என்று கேட்கிறார். வேண்டாம் என்றேன். என்னைச் சித்தப்பா என்று கூப்பிட இனி அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.