அலமாரி உச்சியில் பரிசுக் கூடை

தரக்கட்டுப்பாட்டு மேலாளர் அவர்களுக்கு,

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

அந்துப்பூச்சி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். மாவையும் பருப்பையும் கொட்டி, அலமாரித் தட்டுகளை வினிகர் தொட்டுத் துடைத்து, டப்பாக்களையெல்லாம் மாற்றியும் இன்று காலையில் மறுபடி இரண்டு பறந்தன. மனசு கேட்காமல் ஸ்டூல் போட்டு ஏறி அலமாரி உச்சியைப் பார்த்தேன். உங்கள் ஆபீஸில் 'சிறந்த மேலாளர்' என்று கொடுத்த பரிசுக் கூடைதான். யாரும் தொடக்கூடாது என்று ரிப்பன்கூட அவிழ்க்காமல் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவீர்களே, அதேதான். உள்ளே முந்திரி முழுக்க நூல் கட்டிப் புழு நெளிகிறது. வெளியே தொங்கும் உங்கள் பெயர் அட்டையில் ஒரு பூச்சி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

நேற்று போனில் உங்கள் அக்காவிடம் என்ன சொன்னீர்கள்? "இவளுக்கு ஒரு டப்பாவ ஒழுங்கா மூடத் தெரியலக்கா, வீடு பூரா பூச்சி!" காதில் விழுந்ததிலிருந்து எனக்கு இருப்பே கொள்ளவில்லை.

அக்கா சாயங்காலம் வருகிறார். அதற்குள் கூடையைப் பிரிக்காமல் அப்படியே பையில் போட்டு, இறுகக் கட்டி எறிந்துவிடுங்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பெயர் அட்டையை மட்டும் கழற்றித் துடைத்து உங்கள் மேஜையில் வைத்திருக்கிறேன். குப்பையில் உங்கள் பெயர் கிடக்க மனசு வரவில்லை.

செருப்பு மாட்டியபின் தோன்றியது: எறிய வேண்டாம். பையோடு பால்கனியில் வையுங்கள். எல்லோருக்கும் காட்டினீர்களே, அக்காவுக்கும் ஒருமுறை உங்கள் கையாலேயே காட்டிவிடுங்கள்.