வெட்டாமல் விட்ட சொல்

கொழும்பு,
தை 1992

அன்புள்ள அக்கா,

நீங்களும் அத்தானும் சுகமா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

உங்களிடம் வளரும் என் மகனை மண்டூரில் பள்ளிக்கூடம் சேர்க்க நீங்கள் கேட்ட சத்தியக் கடதாசி இத்துடன் வருகிறது. படித்தவள்தானே என்று, கடையில் அச்சுப் படிவம் வாங்கி நானே நிரப்பினேன். ‘தற்காலிகமாக / நிரந்தரமாக ஒப்படைக்கிறேன்’ என்ற இடத்தில் பொருந்தாததை வெட்ட மறந்துவிட்டேன். கையொப்பம் வைக்க வாங்கிப் பார்த்த சமாதான நீதவான், இங்கே வந்திருக்கும் காத்தான்குடிப் பெரியவர் ஆதம்பாவா காக்கா, சிரித்தார்.

“என்ன புள்ள, மகனப் பாக்கக் குடுக்கிறயா, காணி மாதிரி அறுதியாக் குடுக்கிறயா?”

நானும் சிரித்தேன். ‘நிரந்தரமாக’ என்பதை வெட்டிய வேகத்தில் தாள் கிழிந்ததால் வேறு வாங்கி எழுதினேன்.

அவன் பாதத்தைத் தாளில் வைத்துக் கோடு இழுத்து அனுப்புங்கள், சப்பாத்து வாங்க வேண்டும். உங்களை ‘அம்மா’ என்று கூப்பிடுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் திருத்த வேண்டாம் அக்கா. சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் நானே வந்து திருத்துகிறேன்.

தபாலுக்கு நேரமாகிறது.

தங்கை,
பவளராணி