சாப்பாடு தீர்ந்துவிட்டதாம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் இரண்டு டஜன் கதவுப் பூட்டும் ஒரு பெட்டி கீலும் விற்றுப் போயின. ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு எதிரே சாப்பாட்டுக்கடைக்குப் போனேன். ஜன்னலோர மேஜை. அங்கிருந்து பார்த்தால் என் ஷட்டர் தெரியும். சோறு, கீரை, அவித்த முட்டை. ஒன்றேமுக்காலுக்குக் கடையைத் திறந்தேன். பதினோரு வருடமாக இதுதான்.

சாயங்காலம் மகன் வந்து நின்ற நிற்பே சரியில்லை. "அம்மா, நாளையிலேர்ந்து வீட்டுலேர்ந்து கேரியர் வரும். இனிமே அங்க போய் உக்காராதே." ஏனாம்? கல்யாண வீட்டில் எவளோ கேட்டாளாம், "உங்கம்மாவுக்கு வீட்டுல சோறு போடறதில்லையா?" என்று. வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளர் ஆனதிலிருந்து இவனுக்குக் காது நீளமாகிவிட்டது.

மார்ச் 4, புதன்

கேரியர் வந்தது. நாலு அடுக்கு. மருமகள் நன்றாகவே சமைப்பாள். கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பூட்டிக்கொண்டு எதிரே போனேன். கேரியரை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோய் ராத்திரிச் சாப்பாடாகச் சாப்பிட்டேன். சோற்றின் மேல் எனக்கென்ன கோபம்?

ஒன்றை எழுதி வைக்கிறேன். பத்தொன்பது வருடம் நடைபாதையில் சாக்கு விரித்துப் பூட்டு விற்றேன். ஒரு கையில் பொட்டலம், இன்னொரு கை சரக்கின் மேல். "இது எவ்வளவு?" என்று யாராவது குனிந்தால் வாயில் இருப்பதை மெல்லாமல் விழுங்கிவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். வீட்டிலோ, எல்லாரும் சாப்பிட்ட பிறகு பானையில் இருப்பதுதான். சொந்தக் கடை திறந்த அன்று பூட்டைப் போட்டுவிட்டு எதிரே போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் துண்டால் மேஜையைத் துடைத்து, "என்ன வேணும்க்கா?" என்றார். என்னிடம்! இன்னொரு தடவை கேட்கச் சொன்னேன்.

அந்த முக்கால் மணி நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெற்ற பிள்ளைக்கும்.

மார்ச் 6, வெள்ளி

கேரியர் மூன்றாம் நாள். நானும் மூன்றாம் நாள்.

மார்ச் 9, திங்கள்

சாப்பாடு தீர்ந்துவிட்டதாம். மணி ஒன்று ஐந்து! கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்திடம் சொல்கிறார். "ஸ்டாக் இல்லை" என்று நானே ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். அப்போது கண் எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்குத் தெரியாதா?

"அப்ப உள்ள குக்கர்ல விசில் அடிக்கறது என்ன, ரயிலா?"

"அக்கா, என்னை வம்புல மாட்டி விடாதீங்க. வாசல்ல ரெண்டு மேஜை போட சங்கத்துக் கையெழுத்து வேணும். செயலாளரே வந்து சொல்லும்போது நான் என்ன பண்ணட்டும்?"

செயலாளர்! நான் பெத்ததுதானே அந்தச் செயலாளர். என்கிட்ட நேரா நின்னு பேச முடியல, அடுத்தவன் வாயால பொய் சொல்ல வைக்கிறான். இருக்கட்டும் —

"சாப்பாடு தீர்ந்துடுச்சு, சரி. தண்ணியும் தீர்ந்துடுச்சா?"

தண்ணீர் வந்தது. ஜன்னலோரம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து குடித்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

இன்றும் தண்ணீர். பக்கத்து மேஜைத் தையல்காரர், "என்ன பூட்டக்கா, இளைக்கறதுக்கா?" என்றார். தெருவில் என் பேரே அதுதான். "இல்ல தம்பி, எனக்கு மட்டும் இங்க சாப்பாடு தீர்ந்துடுச்சாம்" என்றேன், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. பிசைந்த சோறு அவர் கையிலேயே நின்றது.

மார்ச் 11, புதன்

பசிக்கிறது. கேரியர் கல்லாப் பக்கம்தான் இருக்கிறது. பகலில் அதைத் தொட்டேன் என்றால் தோற்றேன்.

மார்ச் 12, வியாழன்

அந்தக் கடையில் சமையல் முழுக்கக் கடைக்காரரின் மனைவிதான். பதினோரு வருடத்தில் அவர் கையை மட்டுமே பார்த்திருக்கிறேன், சமையலறைத் திறப்பு வழியாகத் தட்டு நீட்டும் கை. இன்று ஆளே வெளியே வந்தார். ஆவி பறக்கிற தட்டை என் முன்னால் வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார்.

"மூணு மணி வரைக்கும் தாங்கற மாதிரி ஆக்கி வைக்கறவ நான். தீர்ந்துடுச்சுன்னு சொல்ல நீங்க யாரு?"

"இல்ல, வாசல் மேஜை..."

"வாசல்ல மேஜை போடலேன்னா குடி முழுகிடுமா? உள்ள இருக்கறதையே ஒழுங்கா துடைக்கறதில்ல."

கடை முழுக்கச் சிரிப்பு. இரண்டு தடவை சோறு வாங்கினேன்.

மார்ச் 13, வெள்ளி

வீட்டில் ரகளை.

"சங்கத்துல எல்லாரும் சிரிக்கறாங்கம்மா!"

"சிரிக்கட்டும். நான் நடைபாதையில உக்காந்தப்ப சிரிச்சவங்கதானே?"

"உன் பிடிவாதத்தால இவ பேரு கெடுது!" என்று மருமகளைக் காட்டினான்.

அவள் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "காலையில அஞ்சு மணிக்கு எழுந்து நாலு அடுக்கு கட்டறேன். அது கடையைப் போய்ப் பார்த்துட்டு வீட்டுக்கே திரும்பி வருது. என் பேருக்காகத்தான் சண்டை போடறீங்க, ரெண்டு பேர்ல ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா?"

அந்தச் சூடு அவனுக்குப் பாதி, எனக்குப் பாதி. வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். "என்ன வேணும்" என்று ஒருவர் கேட்டதற்காகப் பதினோரு வருடம் ஒரே மேஜையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இவளை ஒரு நாளாவது கேட்டேனா?

மார்ச் 14, சனி

கேரியர் வரவில்லை.

மார்ச் 16, திங்கள்

காலையில் கேட்டுவிட்டேன். "உனக்கு என்னம்மா வேணும்?"

அவளும் என்னை இன்னொரு தடவை கேட்க வைத்தாள். "எனக்கு என் சமையலே அலுத்துப்போச்சு அத்தை."

"ஒரு மணிக்கு வா. லேட்டா வந்தா கீரை கிடைக்காது."

வந்தாள். கடைக்காரர் துண்டோடு ஓடிவந்தார்.

மார்ச் 18, புதன்

மருமகள் வருவது இன்றோடு மூன்றாம் நாள். இரண்டு நாள் என் மகனுக்கு மதியச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு வந்தாள். இன்று எதுவும் வைக்கவில்லையாம். நான் ஏன் என்று கேட்கவில்லை.

பக்கத்துக் கட்டட வேலையாட்கள் இருபது பேர் மொத்தமாக வந்ததில் ஒன்றரைக்கே சட்டி காலி. அப்போதுதான் மகன் உள்ளே நுழைந்தான், வெயிலில் நடந்த முகத்தோடு. கடைக்காரரின் மனைவியே எட்டிப் பார்த்து, "தீர்ந்துடுச்சு தம்பி" என்றார். அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னார். விசில் சத்தமும் இல்லை. நிஜம்.

எங்கள் தட்டுகளைப் பார்த்தான். கடைசிப் பிடியில் இருந்தோம். நான் நீட்டவில்லை. ஒரு நாற்காலியை மட்டும் காலால் நகர்த்தி விட்டேன்.

"தண்ணி இருக்கு. உக்காரு."

மேஜை மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தான். ஒரு தம்ளர் குடித்தான். இன்னொன்றும் குடித்தான். பிறகு, "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்றான்.

மருமகள் முந்திக்கொண்டாள். "ஒரு மணிக்கு. அதுக்குள்ள அந்த வாசல் மேஜைக் கையெழுத்தைப் போட்டுடுங்க. இங்க ரெண்டு பேருக்குத்தான் இடம்."