மாரிட்டின் அலமாரி

ஸ்போக்கேன்
16 செப்டம்பர் 2024

அன்புள்ள அப்பா,

நேற்று நான் உங்களிடம் சொல்லாமல் வந்தது இது: மலைமேல் உங்கள் குடிசைக்கு நான் வாழ வரப்போவதில்லை. உலகமே நின்றுபோனாலும் வரமாட்டேன்.

இந்தக் கடிதத்தை அனுப்பமாட்டேன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நிலவறைக் கதவைத் திறந்து விளக்கைத் தூக்கிப் பிடித்தீர்கள். இடப்பக்கம் உங்கள் அலமாரி. வலப்பக்கம் என்னுடையது. மேல்பலகையில் 'மாரிட்' என்று கம்பியைக் காய்ச்சி எழுதியிருந்தீர்கள். என் கால் அளவில் ஒரு ஜோடி பூட்ஸ். பெட்டிக்குப் பன்னிரண்டு, வருடக்கணக்கில் கெடாத ராணுவச் சாப்பாட்டுப் பொட்டலங்களாகப் பதினொரு அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் தச்சர் பென்சிலில் தயாரித்த வருடம், கீழே யாருக்கு என்பது.

"புதுசு எது வந்தாலும் உன் பக்கம்தான் ஏறும். பழசை நான் தின்னு தீர்த்துக்குவேன்" என்றீர்கள்.

"நான் எப்போ கிளம்பி வரணும்ப்பா?"

"ரோட்டுல லாரி ஓடறது நின்ன அன்னிக்கு. யாரையும் கேக்காத. வந்துடு."

"வழியில காப்பி குடிக்கலாமா?"

"காப்பிக்கடை திறந்திருந்தா அது உலக முடிவே இல்ல. திரும்பிப் போய் வேலையைப் பாரு."

சிரித்தோம். அந்தச் சிரிப்பிலேயே சொல்லியிருக்கலாம். மேய்ன் மாநிலத்தில், அமெரிக்காவின் மறுகோடியில், இங்கே போலவே ஒரு நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. மார்ச் முதல் தேதி சேர வேண்டும். அதற்குப் பதிலாக "ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றேன்.

உங்களைப் பைத்தியம் என்று சொல்கிறவர்கள் யாரும் அந்தப் பனிப்புயலில் ஒன்பது நாள் நம் வீட்டில் இருந்ததில்லை. வழி அடைபட்டு, வீட்டில் ரொட்டியும் அம்மாவின் இன்சுலினும் ஒரே நாளில் தீர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. நீங்கள் ஏன் சேர்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்ல வாய் வரவில்லை.

மாரிட்

*

ஸ்போக்கேன்
24 செப்டம்பர் 2024

அன்புள்ள அப்பா,

நலமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கொடுத்தனுப்பிய மான் இறைச்சியில் பாதியை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன், கோபிக்காதீர்கள்.

நவம்பரில் உங்கள் பிறந்த நாள். இந்த முறை ஒரு பெட்டி சாப்பாடு என் கணக்கில் இருக்கட்டும். அடுத்த மாதம் இங்கே பொருட்காட்சித் திடலில் துப்பாக்கிச் சந்தை நடக்கிறது. அங்கே இந்தச் சாப்பாடும் விற்பார்களாம். எப்படிப் பார்த்து வாங்குவது என்று எழுதுங்கள். ஏமாந்துபோக விருப்பமில்லை.

அன்புடன்,
மாரிட்

*

மேலே, குடிசை
2 அக்டோபர்

குட்டிக்கு,

நீயா வாங்கப் போற? போன ஜென்மத்துல புண்ணியம் பண்ணியிருக்கேன். சரி, கவனமாப் படி.

பையில 'அரசாங்கச் சொத்து, விற்பது சட்டவிரோதம்'னு அச்சடிச்சிருந்தா தொடாத. அது எவனோ ராணுவ முகாம்லேருந்து தள்ளிக்கிட்டு வந்தது. எந்த வெயில்ல எத்தனை மாசம் கிடந்துச்சோ. ராணுவத்துக்குச் செய்யற அதே கம்பெனிக்காரங்க ஜனங்களுக்குன்னு தனியாச் செஞ்சு விக்கிறாங்க. உள்ள இருக்கற சாப்பாடு ஏறக்குறைய அதேதான். அதை வாங்கு.

தண்ணி ஊத்தினா தானாச் சூடாகற பை உள்ள இருக்கான்னு கேளு. வெளிச்சந்தை சரக்குல பாதிப்பேர் அதை வைக்கிறதில்ல. பொட்டலத்தை அமுக்கிப் பாரு, உப்பியிருந்தா வேண்டாம். எவனாவது 'இருபத்தஞ்சு வருஷம் கெடாது'ன்னு சொன்னா சிரிச்சிட்டு நகர்ந்துடு. குளிர்ச்சியா வச்சிருந்தா அஞ்சாறு வருஷம், அவ்வளவுதான்.

தேதியை எவனும் தேதியாப் போடமாட்டான். நாலு எண் இருக்கும். முதல் எண் வருஷத்தோட கடைசி எண். மீதி மூணும் அந்த வருஷத்துல எத்தனாவது நாள்னு அர்த்தம். 3032ன்னா போன வருஷம் பிப்ரவரி ஒண்ணு. நூலகத்துல வேலை பாக்கற, இது கூடவா வராது?

டிசம்பர் கடைசிக்குள்ள பனி வழியை மூடிடும். வழக்கம்போல மார்ச் வரைக்கும் கடுதாசி எதிர்பார்க்காத.

அப்பா

பி.கு. பூட்ஸைப் போட்டுப் பாக்காமலே போயிட்டே.

*

ஸ்போக்கேன்
21 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பா,

வாங்கிவிட்டேன். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தேன். முதல் கடைக்காரர் பழுப்புப் பையை என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"அசல் ராணுவ சரக்கும்மா. என் மச்சான் கொண்டுவந்தது."

"விக்கக் கூடாதுன்னு இதுலயே எழுதியிருக்கே."

"அட, படிக்கத் தெரிஞ்ச பொண்ணுங்க எல்லாம் ஏன் இங்க வர்றீங்க!"

கடைசி வரிசையில் ஒரு வயதானவரிடம் வெளிச்சந்தைப் பெட்டி ஒன்று இருந்தது. பிரிக்காதது. சூடாக்கும் பை உண்டு. உப்பல் இல்லை. பக்கவாட்டில் 4152. நூற்று ஐம்பத்திரண்டாம் நாள் என்றால் இந்த வருடம் மே 31. அவர் எதிரிலேயே விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். "கெட்டிக்காரப் பொண்ணு" என்று விலையிலும் குறைத்துக்கொண்டார். எனக்கு எவ்வளவு பெருமை, தெரியுமா?

தபாலில் அனுப்பியிருக்கிறேன். இன்னொரு செய்தியும் இருக்கிறது. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
மாரிட்

*

மேலே, குடிசை
19 நவம்பர்

குட்டிக்கு,

உன் பெட்டி வந்துச்சு. தபாலாபீஸ் லவேர்ன் "என்ன ஆர்லன், இந்தக் கனம் கனக்குது, மறுபடியும் பாறாங்கல்லா?"ன்னு கேட்டா. "என் பொண்ணு எனக்குப் பிறந்தநாள் விருந்து அனுப்பியிருக்கா"ன்னேன்.

இதை மட்டும் உன் பக்கம் ஏத்தல, கோவிச்சுக்காத. நீ தேடி வாங்கினது, நானே சாப்பிடறேன். பிறந்தநாள் அன்னிக்கு மக்ரோனி பொட்டலம் ஒண்ணு பிரிச்சேன். பிரமாதம். நல்லாப் பாத்துத்தான் வாங்கியிருக்கே.

என்னவோ செய்தின்னியே? கல்யாணமா? பையன் விறகு வெட்டுவானா? உன் அலமாரிக்குக் கீழ இன்னும் ரெண்டு பலகைக்கு இடம் இருக்கு.

அப்பா

*

ஸ்போக்கேன்
6 ஜனவரி 2025

அன்புள்ள அப்பா,

பலகையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் ஆறு வாரம் பேனாவை எடுக்க முடியவில்லை. வழி மூடிவிட்டது என்று தெரியும். ஆனாலும் பனியில் ஓடும் உங்கள் ஸ்னோமொபைலில் ஒருமுறையாவது கீழே தபாலாபீசுக்கு வருவீர்கள் அல்லவா, அப்போது இது உங்கள் தபால்பெட்டியில் இருக்கட்டும்.

கல்யாணம் இல்லை. மேய்னுக்குப் போகிறேன். மார்ச் முதல் தேதியிலிருந்து வேலை. செப்டம்பரிலேயே தெரியும், உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. லாரிகள் நின்றாலும் அவ்வளவு தூரத்திலிருந்து என்னால் வந்து சேர முடியாது அப்பா. முடிந்தாலும் வரமாட்டேன். அம்மா இறந்த குளிருக்குள் இன்னொரு முறை உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

அந்த அலமாரி எனக்கு வேண்டாம். அதில் இருப்பதையெல்லாம் நீங்கள் சாப்பிடுங்கள். இந்தக் குளிர்காலத்திலேயே சாப்பிடுங்கள். பழசைத் தின்றுகொண்டு புதிதை எனக்காக அடுக்கி வைக்காதீர்கள். வேறு எதற்கும் பதில் எழுதாவிட்டாலும் இதற்கு மட்டும் எழுதுங்கள்.

மன்னியுங்கள்.
மாரிட்

*

மேலே, குடிசை
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பா,

இதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. உங்கள் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதில் வராதபோது நீங்கள் படித்துவிட்டுக் கோபமாக இருப்பதாக நினைத்தேன். கோபப்படட்டும், சாப்பிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டே மேய்னுக்குப் போனேன். மார்ச் 18 அன்று லவேர்ன் அங்கே போன் செய்தார். "உங்கப்பா தபால்பெட்டி பிதுங்குதும்மா. எந்தக் குளிர்காலத்துலயும் ஒரு தடவையாவது இறங்கி வந்து என்னை வம்பிழுத்துட்டுப் போவாரு. இந்த வருஷம் ஆளையே காணோம்" என்றார். மறுநாள் ஷெரிஃப் அலுவலகத்துக் காவலர்கள் மேலே வந்தார்கள். ஸ்னோமொபைலின் எஞ்சின் பாகம் பாகமாகக் கொட்டகையில் கிடந்ததாம். நீங்கள் கட்டிலில் இருந்தீர்கள்.

இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்று டாக்டர் எழுதியிருக்கிறார். பல வாரமாகச் சரியாகச் சாப்பிடாத உடம்பு என்றும் சொன்னார். "மேலே சாப்பாடு தீர்ந்துபோச்சாம்மா?" என்று கேட்டார்.

இன்று நிலவறைக்குள் இறங்கினேன். இடப்பக்கப் பலகைகள் காலி. தட்டையாக மடித்த அட்டைகளில் மேலே கிடந்தது நான் அனுப்பியது. 4152க்குப் பக்கத்தில் உங்கள் பென்சில் எழுத்து: '2014. எனக்கு.'

அந்த முதல் எண் பத்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். அதை மட்டும் எழுத மறந்திருக்கிறீர்கள். பொட்டலங்களின் பழைய அச்சைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் பிரமாதம் என்று எழுதிவிட்டுப் பன்னிரண்டையும் சாப்பிட்டுத் தீர்த்திருக்கிறீர்கள்.

என் ஜனவரிக் கடிதத்தை லவேர்ன் என் கையில் கொடுத்தார். பிரிக்கப்படவில்லை.

வலப்பக்க அலமாரியில் பதினொரு பெட்டிகள். ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணினேன். நூற்று முப்பத்திரண்டும் இருக்கின்றன.

மாரிட்