வெள்ளைச் சட்டையின் முதுகுப்புறம்

விஜயநகர், மைசூரு
வெள்ளிக்கிழமை

அன்புள்ள கார்ல் அப்பாவுக்கு,

டோரதி எழுதுகிறேன். அந்தப் பாலைவன வெயிலிலும் மாதா உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும். நான் சுகம் என்று எழுதினால் பொய். உயிரோடு இருக்கிறேன், அவ்வளவுதான். உங்கள் கம்பெனி உதயகுமார் நாளைக்கு மஸ்கட் திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் நான் வாயைத் திறந்தால் பாதியில் வைத்து விடுகிறீர்கள். இதை அப்படி வைக்க முடியாது. முழுசும் படித்துவிட்டு அப்புறம் கத்துங்கள்.

போனில் நான் சொன்னது கால்வாசிதான். முதலிலிருந்து சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பத்தாம் வகுப்புக் கடைசிப் பரீட்சை. உங்கள் மகன் மத்தியானம் தலையிலிருந்து கால்வரை நீலமாக வந்து நின்றான். கடைசி நாளில் பிள்ளைகள் பேனாவைத் திறந்து ஒருத்தர் மேல் ஒருத்தர் இங்க் தெளிப்பதும், சட்டையில் பெயர் எழுதி விளையாடுவதும் இங்கே வழக்கம்தானே. எருமை மாதிரி வளர்ந்தும் புத்தி வரவில்லை என்று திட்டிவிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். அவனாகவே பேனாவையும் நீட்டினான். அப்பா அனுப்பிய பேனா, நன்றாகக் கழுவி வையம்மா என்றான். குடித்த டம்ளரைக்கூடக் கழுவாதவன் பேனாவைக் கழுவச் சொல்கிறானே என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

பேனாவைத்தான் முதலில் கழுவினேன். நீங்கள் காட்டிக் கொடுத்த மாதிரியே கழுத்தைத் திருகி, மை உறிஞ்சும் குழாயைப் பிடுங்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, தண்ணீர் தெளிகிறவரை இழுத்து இழுத்துத் தள்ளினேன். நிப் கோணிப் போய், இரண்டு முனையும் விரிந்து கிடந்தது. கீழே போட்டுவிட்டான் போல என்று நினைத்தேன்.

பிறகு சட்டை. வெந்நீர் பட்டால் மை துணியில் பிடித்துக்கொள்ளும், அதனால் குழாய்த் தண்ணீரிலேயே அலசினேன். எலுமிச்சம் பழமும் உப்பும் வைத்துத் தேய்த்தேன். நீலம் வாளி வாளியாக இறங்கியது. ஆனால் நெஞ்சுப் பக்கத்திலும் வலது கை மடிப்பிலும் நீலம் போன இடத்தில் பழுப்பாக ஏதோ நின்றது. என்ன செய்தும் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த ஹைட்ரஜன் பெராக்சைடு அலமாரியில் இருந்தது. வெள்ளைத் துணிக்கு ஒன்றும் ஆகாது என்று ஊற்றினேன்.

பொங்கியதுங்க. பால் பொங்குகிற மாதிரி வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வந்தது. நர்ஸ் வேலையில் தலை நரைத்தவள் நான், எனக்குத் தெரியாதா? மைக்கு அது அப்படி நுரைக்காது. ரத்தத்துக்குத்தான் நுரைக்கும்.

ஓடிப்போய் அவன் உடம்பை முழுக்கப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. யாருடைய ரத்தம் என்று கேட்டேன். துணி துவைக்கிற பிரஷ் கையில்தான் இருந்தது. அதாலேயே அடித்தேன். தோளில், முதுகில், தடுத்த கையில், பிரஷ் இரண்டாக உடைகிறவரை அடித்தேன். என்னைவிட ஒரு முழம் உயரம், பிடித்துத் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. கடைசியில் மஞ்சுநாத் என்றான்.

மஞ்சுநாத்தை உங்களுக்குத் தெரியும். தண்ணீர் டாங்கு பக்கம் பூ விற்கிற மல்லம்மாவின் பையன். நம் வீட்டில் பிரியாணி என்றால் கூப்பிடாமலே வந்து உட்காருகிறவன். அன்றைக்கு சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் கார்லின் முதுகில் அவன் மார்க்கரால் ஏதோ தமிழில் எழுதியிருக்கிறான். முதுகில் எழுதியதை இவன் எப்படிப் பார்ப்பான்? பார்த்தாலும் இவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதே. பக்கத்துத் தெரு விஜய்குமார், நான் தமிழன் தமிழன் என்று மார்தட்டுகிற பயல், படித்துப் பார்த்துவிட்டு, டேய் இது உன் அம்மாவைப் பற்றிய அசிங்கம்டா என்று இவன் காதுக்குள் சொல்லியிருக்கிறான். என்னைப் பற்றிய அசிங்கத்தை நானே வாசிக்க மனமில்லாமல், சட்டையைத் திருப்பிப் பார்க்காமலே வாளியில் போட்டு வைத்தேன்.

உங்கள் மகன் திரும்பியபோது கையில் மூடி கழற்றிய பேனா இருந்தது. மஞ்சுநாத் சிரித்துக்கொண்டு நின்றானாம். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் வெறி ஏறியது என்கிறான். காலரைப் பிடித்து இழுத்துப் பேனாவாலேயே ஒரு குத்து, கன்னத்தில் இறங்கியது. அடுத்த குத்து வலது கண்ணில். கீழே விழுந்தவனை விடாமல் விலாவில் ஷூக்காலால் மாற்றி மாற்றி உதைத்திருக்கிறான். விஜய்குமார் ஓடிவிட்டான். இவன் பையிலிருந்த இங்க் பாட்டிலைத் திறந்து தன் நெஞ்சின் மேல் தானே கொட்டிக்கொண்டு, நீலமாக இருந்த மற்ற பிள்ளைகளோடு கலந்து கேட்டைத் தாண்டி வந்துவிட்டான். நீங்கள் ஆசையாக வாங்கி அனுப்பிய பேனாங்க அது.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்று அங்கே இருக்கிற சிஸ்டரே சொல்லிவிட்டார். விலா எலும்பும் முறிந்திருக்கிறது. மல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கட்டில் உருண்டு விழுந்தானாம், என் தலையெழுத்தைப் பாருங்கள் சிஸ்டர் என்று அழுதாள். போலீசிடமும் அவன் அப்படியே சொல்லியிருக்கிறான். படியில் விழுந்தவனுக்குக் கன்னத்தில் ஒன்றும் கண்ணில் ஒன்றுமாகவா குத்தும்? ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

கிளம்பும்போது அந்தப் பிள்ளை என் புடவையைப் பிடித்து, ஆன்ட்டி, கார்ல் ஓதித்னா என்று கேட்டான். கன்னடத்தில், படித்தானா என்று கேட்கிறான். மருந்து மயக்கத்தில் பரீட்சையைப் பற்றி உளறுகிறான் என்று நினைத்து, அதுதான் பரீட்சை முடிந்துவிட்டதே கண்ணா, இனி என்ன படிப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் உங்களுக்குப் போன் செய்தேன். அந்தப் பையனே விழுந்தேன் என்கிறான், உனக்கென்ன வந்தது, இவனைக் கொள்ளேகால் பஸ்ஸில் ஏற்றித் தம்பி வீட்டுக்கு அனுப்பு, சட்டையை எரித்துவிடு என்றீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னீர்கள். நான் தாய் இல்லையா? எனக்கும் அந்த ஆசை வந்தது. எரிக்கத்தான் வாளியிலிருந்து சட்டையை எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தீப்பெட்டிகூடக் கையில் இருந்தது.

பிழிந்து உதறும்போது முதுகுப்புறம் என் பக்கம் திரும்பியது. தெளித்த நீலமெல்லாம் போய்விட்டிருந்தது. மார்க்கர் எழுத்து மட்டும் போகவில்லை. கன்னட எழுத்து மாதிரி உருட்டி உருட்டி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி பெரிதாக எழுதியிருக்கிறான். "என் உயிர் நன்பன் கார்ல்." மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி. வேறு ஒரு தப்பும் இல்லை.

துவைக்கிற கல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரிடம் கேட்டு எழுதிப் பழகினானோ. கார்லின் வீட்டு பாஷையில் எழுதினால் சந்தோஷப்படுவான் என்று நினைத்திருக்கிறான். அதைத்தான் ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்டான், படித்தானா என்று. எதற்காகக் குத்து வாங்கினோம் என்றே அந்தப் பிள்ளைக்குத் தெரியாதுங்க.

அப்படியே விஜய்குமார் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா வாசலில் நிற்கும்போதே காலரைப் பிடித்துச் சுவரில் சாய்த்து, என்னடா எழுதியிருந்தது, வாசிடா என்று கேட்டேன். அறைந்தும் விட்டேன். அவள் போலீசுக்குப் போவேன் என்றாள், போ என்றேன். அந்தப் பயலுக்கும் தமிழ் படிக்கத் தெரியாதாம். சும்மா சிரிப்புக்காகச் சொன்னானாம். சிரிப்புக்கு ஒரு கண்.

தமிழ் சோறு போடுமா, கன்னடமும் இங்கிலீஷும் போதும் என்று நீங்கள்தான் முடிவு செய்தீர்கள். இப்போது அதைக் கிளறிச் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

வீட்டில் கார்ல் எப்படி இருக்கிறான் தெரியுமா? கண்ணாடியைக் குத்தி உடைத்தான், கை விரலில் நான்தான் தையல் போட்டேன். சாப்பாட்டைக் கொண்டுபோனால் தட்டு பறக்கிறது. நேற்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "உன்னைப் பத்தி எழுதினாம்மா அவன். இன்னொரு தடவ எழுதினாலும் குத்துவேன்." அம்மாவுக்காகத்தான் செய்தேன் என்ற அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதை எப்படிங்க அவன் கையிலிருந்து பிடுங்குவேன்? மூன்று முறை அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

சட்டையை எரிக்கவில்லை, இனித் துவைக்கவும் மாட்டேன். மிச்சக் கறை இருக்கிறபடியே உலர்த்தி, பேனாவோடு சேர்த்துச் சுற்றி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அவனை அழைத்துக்கொண்டு முதலில் மல்லம்மாவிடம் போவேன். அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போவேன். பதினாறு வயதுப் பையனுக்குத் தனி கோர்ட் என்று வக்கீல் சொன்னார். என்ன கிடைக்குமோ கிடைக்கட்டும். நீங்கள் வேண்டாம் என்றாலும் போவேன். இனி என்னைத் திட்டிப் பயனில்லை.

ஆனால் அதற்கு முன்னால் அவனுக்கு அந்த வரி தெரிய வேண்டும். போலீஸ் வாயிலிருந்து அவன் அதைக் கேட்கக் கூடாது. இந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். எனக்கு நாக்கு எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் கிடைத்தால் ஏறி வாருங்கள், லீவு தராவிட்டால் வேலை போனாலும் போகட்டும். கோபத்தை விமானத்திலேயே இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். அடிக்க வேண்டியதை நான் அடித்துவிட்டேன்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்ததும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாசித்துச் சொல்லுங்கள். வாசிக்கும்போது அவன் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்த பிறகும் விடாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறதுங்க, விட்டுவிடாதீர்கள்.

உங்கள்
டோரதி