மணக்காத மரத்தூள்

நவ. 3, திங்கள்
காலை முதல் தூறல். மரம் ஈரம் இழுக்கும், உப்புத்தாள் அடைக்கும். எரிச்சல். இன்றைக்கு: பூஜை அறைக் கதவு, இரண்டு பலகை. பெல்ட் சாண்டர் மெஷினில் எண்பதாம் நம்பர் தாள், அப்புறம் ஆர்பிட்டலில் நூற்றிருபது. இராஜாக்கமங்கலத்தில் கட்டுகிற புது வீட்டுக்கு. 21ஆம் தேதி பால் காய்ச்சு.

மரம் அவர்களுடைய பழைய வீட்டை இடித்தபோது எடுத்த உத்தரம். பட்டறை முதலாளி மரியான் அண்ணன் வழக்கம்போல ஒரு மூலையைத் தேய்த்து, தூளை என் உள்ளங்கையில் கொட்டினார். "மூக்கு, என்ன மரம்னு சொல்லு பாப்போம்." பட்டறையில் எனக்கு அதுதான் பெயர்.

முகர்ந்தேன். ஒன்றுமில்லை. இன்னும் ஆழமாக இழுத்தேன். வெறும் காற்று.

"தேக்கு" என்றேன். "கொள்ளாம், நல்ல மரந்தான்" என்று அண்ணன் அங்கேயே வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிவிட்டார். பொய் சொல்லவில்லை, ஊகித்தேன். அப்படிச் சொல்லிக்கொள்கிறேன்.

நவ. 4, செவ்வாய்
மழை. வலது மூக்கில் ரத்தம், மூன்றாவது தடவை. உடுத்தியிருந்த சாரத்தின் முனையில் துடைத்தேன். மனைவி லதா பார்க்கவில்லை.

அடைப்பு சித்திரையில் தொடங்கியது. வலது பக்கம் மட்டும். சளி என்றால் இரண்டு பக்கமும் அல்லவா அடைக்கும். யாரிடமும் கேட்கவில்லை.

ஷார்ஜா கம்பெனியில் பதினான்கு வருடம், இங்கே ஒன்பது. மாஸ்க் கொடுத்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டேன். மாஸ்க் போட்டால் மரம் மணக்காதே. தூளை முகர்ந்தே மரத்தின் பெயர் சொல்கிறவன் என்ற பெருமை. மடையன்.

வாங்க: நூற்றெண்பது வட்டத்தாள், சீலர் பூச்சு, லதாவுக்குத் தைலம்.

நவ. 5, புதன்
வெயில். நூற்றெண்பது முடிந்தது. ஈரத்துணி ஒற்றினேன். அப்போதுதான் நார் எழும்பும். காய்ந்தபின் மறுபடி தேய்த்தால் வழவழப்பு.

துணி மஞ்சளானது. பிழிந்த தண்ணீரும் மஞ்சள். தேக்கு இப்படிக் கறை விடாது. இது வேங்கை. நேற்று வேலைக்கு வந்தவன்கூட முகர்ந்து சொல்லிவிடுவான்.

அண்ணன் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ தேக்குன்னு சொன்னல்லாடே."

"மழையில மூக்கு அடைச்சிருந்துண்ணே."

"வீட்டுக்காரருட்ட நான் பேசிக்கிடுகேன். வேங்கையும் நல்ல மரந்தான். நீ போயி டாக்டரப் பாரு. ஒனக்கு ஒருநாளும் மரம் தப்பினதில்ல."

திட்டியிருக்கலாம். திட்டாதது பயமாக இருந்தது.

நவ. 6, வியாழன்
குஞ்ஞுமோனுக்குப் போன். ஷார்ஜாவில் என் பக்கத்து மேசை, என்னைப் போலவே தேய்ப்பு வேலை. போன வருடம் அவனும் ஒரு பக்கம் மூக்கடைப்பு என்று சொன்ன ஞாபகம்.

அவன் மனைவி எடுத்தார். நோன்புக்கு முன்பே இறந்துபோய்விட்டானாம். மூக்கில் கேன்சர் தொடங்கி கண்ணுக்கு ஏறியதாம். "நிங்ஙள்க்கு சுகந்தன்னே அல்லே?" என்று மலையாளத்தில் கேட்டார். சுகம் என்றேன்.

சாயங்காலம் இருநூற்றிருபது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன், ஒரு சுழிகூட இல்லை. அதுவரை நல்லது.

நவ. 7, வெள்ளி
நாகர்கோவில், பெரிய ஆஸ்பத்திரி. லதாவிடம் சீலர் வாங்கப் போவதாகச் சொன்னேன்.

மூக்கு டாக்டர் சின்ன வயசுப் பெண். சிரித்துப் பேசிக்கொண்டே கேமராக் குழாயை விட்டார். பாதியில் பேச்சு நின்றது.

"என்ன வேலை பாக்கீங்க?"

"மெஷின்ல மரம் தேய்க்க வேலை."

"எத்தன வருஷமா?"

சொன்னேன். எழுதிக்கொண்டார். சதை கொஞ்சம் கிள்ளி எடுத்தார்கள். அப்புறம் ஸ்கேன். சீலர் வாங்க மறந்துபோனது.

நவ. 8, சனி
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. மாஸ்க் போட்டு வேலை செய்தேன். அண்ணன் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

நவ. 12, புதன்
மறுபடி நாகர்கோவில். ரிசல்ட் வந்திருந்தது. டாக்டர் படித்துப் பார்த்தார். ஒரு சீட்டு எழுதித் தந்தார். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாங்க. வீட்டுல இருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க."

"எதுக்கு டாக்டர்?"

"வாங்க, உக்காந்து பேசலாம்."

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். படிக்கவில்லை. பயம்.

மத்தியானம் பட்டறை. கதவுக்கு நானூறாம் நம்பர் தாள். அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை துணைக்கு வர முடியுமா என்றேன்.

"லதாட்ட சொல்லிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்போ நான் வரமாட்டேன். மொதல்ல அவகிட்ட சொல்லு."

நவ. 13, வியாழன்
மழை இல்லை, மூடிக்கிடக்கிறது. லதா வேலை பார்க்கிற பள்ளிக்கூட ஆபீசுக்கு லீவு. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அடுக்களையிலிருந்து குரல்.

"இன்னைக்கு என்ன கொழம்பு, சொல்லுங்க பாப்போம்."

"சாளை மீன்" என்றேன். வேறு என்ன வைக்கப்போகிறாள் என்ற தைரியம்.

வெளியே வந்து நின்றாள். "அடுப்பு இன்னும் பத்த வைக்கல்ல."

கழற்றிய செருப்பை ஓரமாகத் தள்ளினேன்.

"போன மாசம் பால் பொங்கிக் கரிஞ்சப்போ பக்கத்துலதான இருந்தீங்க. அன்னைக்குல இருந்து பாக்கேன். சாரத்துல ரத்தம் வேற. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

எல்லாம் சொன்னேன். குஞ்ஞுமோன் விஷயம் மட்டும் இல்லை. கையை நீட்டினாள். சீட்டைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள்.

"நாளைக்கு மூக்கு டாக்டர்ட்ட இல்ல. பின்னால இருக்க கட்டடத்துக்குப் போகச் சொல்லி எழுதியிருக்கு."

எந்தக் கட்டடம் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அதன் பெயர்ப்பலகையை நேற்றே பார்த்தேன்.

"நான் வருகேன்" என்று உள்ளே போனாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். இதை எழுதும்போது குழம்பு கொதிக்கிறது. மூடி தட்டுகிற சத்தத்தில்தான் தெரிகிறது.