பச்சைத் தண்ணீர்

அன்புள்ள அப்பாவுக்கு, முத்துச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி தேவலையா? போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

தி.நகரில் எங்கள் ஜவுளிக்கடை வாசலில் ஒரு மீன்தொட்டி உண்டு. தண்ணீர் பச்சையாகக் கிடக்கிறது என்று முதலாளி அண்ணாச்சி பாசியைக் கொல்ல மயில்துத்தம் கொட்டச் சொன்னார். காலேஜில் தாவரவியல் படித்த வாய் சும்மா இருக்கவில்லை.

"பாசி அழுக்கு இல்ல அண்ணாச்சி. வெயில வச்சு தனக்குச் சாப்பாடு செஞ்சுக்கிட்டு, தண்ணிக்கு மூச்சுக்காத்து விடுது. உலகத்துல உண்டாகுற மூச்சுக்காத்துல பாதிக்குப் பக்கம் கடல்ல இருக்கிற பாசி விடுறதுதான்."

"ஏட்டி, நீ சேலைய மடி."

துத்தத்தைக் கொட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில் வாட்ச்மேன் ஓடிவந்தார். "இன்னாம்மா இது, மீனுங்கல்லாம் மேல வந்து வாயத் தொறந்துகினு கீது."

செத்த பாசி அழுகி, தண்ணீரில் மிச்சமிருந்த காற்றையும் தின்றுவிட்டது. நாங்கள் இருவரும் வாளி வாளியாக மொண்டு, காற்று கலக்கட்டும் என்று உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். பாதி மீன்கள் பிழைத்தன. அண்ணாச்சி வந்ததும், "நான் சொன்னேன்ல" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் கேட்டுவிட்டேன்.

இப்போது எனக்கு அடித்தள குடோனில் வேலை. உட்கார்ந்தே செய்யலாம், கால் வலிப்பதில்லை, கவலைப்படாதீர்கள். வெயில்தான் வராது. அங்கே பாசிகூடப் பிடிக்காது.

செல்லையா மாமா வரும்போது நம் கிணற்றடித் தொட்டியின் பச்சைத் தண்ணீர் ஒரு பாட்டில் கொடுத்துவிடுங்கள். ஹாஸ்டல் ஜன்னலில் கொஞ்சம் வெயில் விழுகிறது, அங்கே வைத்துக்கொள்வேன்.

பெல் அடித்துவிட்டது, ஓடுகிறேன். பாட்டில் மூடியை மட்டும் இறுக்கிவிடாதீர்கள். அதற்கும் மூச்சு வேண்டும்.

முத்துச்செல்வி